பெரியப்பா தோட்டத்து போர்வெல்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. ரிசல்ட்டைக் கேட்க இதை எழுதவில்லை. பல்லடத்தில் ஓர் ஆடிட்டர் வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போனேன். சி.ஏ. ஃபைனல் ரிசல்ட் வந்து பத்து நாளாகிறது என்று அங்கே வேலை பார்க்கும் பையன் சொன்னான். அவ்வளவுதான், நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா போன் செய்தால் ‘அப்புறம் பேசறேன்’ என்கிறாயாம். அப்புறம் என்றால் எப்போது?

அந்தப் பையன் ஃபைனலில் இருக்கிற இரண்டு குரூப்பில் ஒன்றை முடித்துவிட்டானாம். மிச்சம் 3 பேப்பரை அடுத்த பரீட்சையில் எழுதுகிறானாம். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால், ஒன்றில் கூடுகிற மார்க் மற்றதைத் தூக்கிவிடும் என்று தீபாவளிக்கு வந்தபோது கணக்குப் போட்டுக் காட்டினாய். உன் கணக்கு என்றைக்குத் தப்பியது? எட்டாவது படிக்கும்போதே என் பில் புத்தகத்தைத் திருத்தியவன் நீ. ஆனால் ஒவ்வொரு பேப்பரிலும் 40 எடுத்தாக வேண்டுமாமே.

போர்வெல்லில் 400 அடியில் கிடக்கிற மோட்டாரை இரும்புக் குழாயோடு எவனும் ஒரே இழுப்பில் எடுத்ததில்லை. 20 அடிக் குழாய், இருபது. ஒன்று மேலே வந்ததும் அடுத்ததன் கழுத்தில் கிளாம்ப் போட்டு, வந்ததைக் கழற்றி ஓரமாக வைப்போம். கீழே தொங்குவது 19. நடுவில் டீகூடக் குடிக்கலாம், கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். உனக்குத் தெரியாததா? லீவில் ரிஞ்ச் பிடித்தவன்தானே. ஒரு குரூப் மட்டும் எழுதேன். நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியப்பா தோட்டத்தில் கயிறு அறுந்துதான் மோட்டார் போர்வெல்லுக்குள் விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? கயிறு அறவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிளாம்ப்பை முழுசாக முறுக்காமலே மேல் குழாயைக் கழற்றினேன். மிச்சம் 12 குழாயும் மோட்டாரும் கண்ணெதிரே உள்ளே போயின. கயிறு என்று வாயில் வந்துவிட்டது. கயிறு கட்டிய பையனைப் பெரியப்பா அங்கேயே விரட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கலுக்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன், அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

வாயைத் திறக்காமல் இருக்க என்னைப் பார்த்துத்தான் பழகினாயோ என்னவோ.

ஒரு குரூப் போதும். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள்.

அப்பா