அக்குளுக்கு ஆகாத களிம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலத் தோல் நோய்கள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை பூஞ்சையால் அக்குளில் வரும் படர்தாமரையை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால், அதற்கு மக்கள் முதலில் எதை வாங்கிப் பூசுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அரிப்பு என்று மருந்துக் கடையில் போய் நின்றால், பல இடங்களில் மருத்துவர் சீட்டு கேட்காமலே எடுத்துக் கொடுப்பது, பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு, அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பைத்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் குளோபீட்டசால் என்று அந்த ஸ்டீராய்டின் பெயர் இருக்கும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிகவும் வீரியமான வகையைச் சேர்ந்த அதனை முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பூசக் கூடாது என்றும், இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்றும் அம்மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பே எச்சரிக்கிறது. மெல்லிய தோலும் வியர்வையில் ஊறிய மடிப்புமாக இருக்கும் அக்குள், முன்கையைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சிக்கொள்ளும்.

பூசிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால் நோய் போய்விட்டது என்றே எவரும் நம்புவார்கள். பூஞ்சையோ உள்ளே இருந்துகொண்டு, களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் அகலமாகப் படரும். வட்ட வடிவமும் கலைந்துவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகும். மறுபடியும் அதே ட்யூப், மறுபடியும் அதே அரிப்பு என்று மாதக்கணக்கில் இழுத்தடித்த பிறகு, சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கிக் காட்டிய இளைஞர்களின் அக்குளில், தோல் கிழிந்தாற்போலச் சிவந்த வரிகள் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிகள் காலப்போக்கில் வெளுக்குமே தவிர, முற்றிலும் மறைவதில்லை.

அக்குளில் வருவதெல்லாம் படர்தாமரையும் இல்லை. வாசனைத் திரவியத்தால் வரும் ஒவ்வாமை, பாக்டீரியாவால் வரும் பழுப்புப் படை, ஆறி ஆறித் திரும்பவும் புடைத்துச் சீழ் வைக்கும் கட்டிகள் என ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. படையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்பது பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும்.

பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே விதியைத் திருத்திவிட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைக் கடைகளில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும். தங்கள் இதழும், களிம்புப் பெட்டியில் வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஸ்டீராய்டுகளின் பெயர்களைத் தமிழில் கட்டமிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர்.