விலையைக் குறைக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சித்தி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அதோடு இது இரண்டு வார்த்தையில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை. வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள், அதனால் நீ சமைத்து விற்கும் கறிச் சாப்பாட்டின் விலையைக் குறைக்கப் போகிறேன் என்கிறாய். குறைத்தால் கட்டாது, எனவே உதவிக்கு வரும் இரண்டு அக்காக்களில் ஒருவரை நிறுத்திவிட்டு அந்த வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்கிறாய். இரண்டையும் செய்யாதே. காரணத்தைச் சொல்வதற்கு, இங்கே அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சித்தப்பா இணையத்தில் காத்திருந்து இடம் பிடித்தார். ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் ரயிலில் ஆற்றுக்கு அடியில் போய், நியூயார்க் நகரத்து மன்ஹாட்டனில் ஒன்பதாம் தெருவில் இறங்கி நடந்தோம். கிரீன்விச் அவென்யூவில் 'செம்ம' என்ற உணவகம். 2021இல் திறந்தார்கள், உலகெங்கும் சிறந்த உணவகங்களுக்கு மிச்செலின் வழிகாட்டி கொடுக்கும் நட்சத்திரம் மறு ஆண்டே கிடைத்துவிட்டது. 2025இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் நகரத்தின் சிறந்த நூறு உணவகங்களை வரிசைப்படுத்தியபோது இதைத்தான் முதலிடத்தில் வைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த ஜேம்ஸ் பியர்ட் விருது விழாவில், அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருது அது, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞர் விருது இதன் தலைமைச் சமையல்காரர் விஜய் குமாருக்குக் கிடைத்தது. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி அவர் விருது வாங்கிய படத்தை நீதான் எனக்கு முதலில் அனுப்பினாய்.

அவர் நத்தம் பக்கத்துக்காரர். உன் அம்மாச்சி பிறந்த சாணார்பட்டியிலிருந்து அதிகத் தூரம் இல்லை. புளியும் மாம்பழமும் விளையும் அந்தச் சீமையில், மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றால் நத்தை பொறுக்கப் போவார்கள். அம்மாச்சியும் போயிருக்கிறாள். பொறுக்கி வந்ததைத் தண்ணீரில் போட்டு வைத்துச் சேறு கக்க விடுவாள். பிறகு வேகவைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொழகொழப்புப் போகும்வரை அலசுவாள். ஒரு கூடை நத்தையில் ஒரு கிண்ணம் கறி தேறினால் பெரிது. நம் தெருவில் யாரும் அதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கறி வாங்கக் காசில்லாத வீடு என்று நினைத்துவிடுவார்கள் என்ற கூச்சம். விஜய் குமாரும் சிறு வயதில் அந்தக் கூச்சத்தோடு இருந்ததாகவும், சமையல் படிக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் நத்தையை உயர்ந்த உணவாகப் பரிமாறுவதை அறிந்து வியந்துபோனதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த நத்தைப் பிரட்டல்தான் முதலில் மேசைக்கு வந்தது. புளியும் இஞ்சியும் முன்னால் நிற்கும் மசாலா, தொட்டுக்கொள்ளக் கல் தோசை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதையே வாங்கி, மசாலாவைத் தோசையால் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அம்மாவின் நினைவு வந்து சிறிது நேரம் பேச முடியவில்லை. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அதே நினைவுதான்.

பிறகு குடல் வறுவல். உனக்கு இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் இதைத்தான் விற்கிறாய். வாயில் வைத்ததும் நான் பார்த்தது மசாலாவை அல்ல, கழுவலை. துளி வாடை இல்லை. குடலைக் குச்சியில் மாட்டி உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, சுண்ணாம்போ உப்போ போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, மறுபடி மஞ்சள் போட்டு அலசி, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை நிற்காமல் செய்தால்தான் அந்தச் சுத்தம் வரும். குறுக்குவழி கிடையாது. அவசரப்பட்டால் எவ்வளவு மிளகு போட்டாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். அங்கே உள்ளே யாரோ ஒருவர் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்திருக்கிறார். அந்த முகம் தெரியாத ஆளைத்தான் நான் அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் கன்பவுடர் தோசை என்று இருப்பது நம்முடைய பொடி தோசை. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. மெல்லியது, மொறுமொறுப்பானது, பொடியில் காரம் குறைக்கவில்லை. அங்கே அதிகம் பேர் கேட்பது இதைத்தானாம். திண்டுக்கல் பிரியாணியைச் சீரகச் சம்பாவில், ஆட்டுக்கறி போட்டுச் செய்கிறார்கள். அரிசி உதிரியாக, ஆனால் கறிச்சாறு ஏறி இருந்தது. அதற்கு மேல் பாராட்ட எனக்கு வார்த்தை இல்லை. பட்டியலில் கேரளத்துச் சமையலும் உண்டு. தேங்காய்ப் பாலில் செய்த பெரிய இறால் வகை ஒன்றைச் சித்தப்பா வாங்கினார். கடைசியில் இளநீர்ப் பாயசம்.

இனி பில்லுக்கு வருகிறேன். ஒரு தோசை 20 டாலருக்கு அக்கம்பக்கம். நான்கு பேர் சாப்பிட்டதற்கு, நகரத்து விற்பனை வரி 8.875 சதவீதமும் பரிமாறுகிறவர்களுக்கு வழக்கப்படி 20 சதவீதமும் சேர்த்து, 400 டாலரை நெருங்கியது. நம் கணக்கில் 35,000 ரூபாய். ரூபாயில் மாற்றிப் பார்க்காதே என்று சித்தி சொன்னாள். நான் மாற்றிப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவளுக்கு அது தன்னால் வரும். வீட்டுக்குத் திரும்பிய பிறகு சித்தப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 2025இல் நியூயார்க் நகரத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர் என்றார். அப்படியானால் ஒருவர் இரண்டு மணி நேரம் நின்று குடல் கழுவினால், அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே 33 டாலர் செலவாகிவிட்டது. மாவு அரைக்கிறவருக்குக் கூலி. பாத்திரம் கழுவுகிறவருக்குக் கூலி. வெங்காயம் உரிக்கிறவருக்குக் கூலி. அதற்கு மேல் மன்ஹாட்டன் வாடகை. உணவகத் தொழிலில் பொதுவாகப் பொருளுக்கு ஆகும் செலவு விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். இன்னொரு பங்கைக் கூலி கொண்டுபோய்விடும். எல்லாம் போக முதலாளி கையில் நிற்பது, வியாபாரம் நன்றாக நடந்தாலும், சொற்பம்தான்.

இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்குள் ஒன்று உறுத்தியது. நம் வீட்டில் இதே குடல் வறுவலுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டால், குடல் வாங்கிய காசும் எண்ணெய் மசாலாக் காசும் மட்டும் சொல்வோம். அம்மாச்சி விடியற்காலையிலிருந்து குனிந்து கழுவிய நேரம் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. அம்மியில் அரைத்த நேரமும் ஏறியதில்லை. அவளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை என்பதால் அந்த உணவு மலிவு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மலிவாக இருந்தது உணவு இல்லை, பாப்பா. அவளுடைய உழைப்பைத்தான் அப்படி வைத்திருந்தார்கள்.

உன்னிடம் வாங்குகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா இதையெல்லாம் சும்மாச் செய்து போட்டிருப்பாள். அதனால் நீ சொல்லும் விலை அவர்களுக்கு அநியாயமாகத் தெரிகிறது. அதே ஆட்கள் பீட்சாவுக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அது எந்த வீட்டிலும் இலவசமாகக் கிடைத்ததில்லை. பதில் சொல்ல முடியாமல் நீ விலையைக் குறைக்கிறாய். குறைப்பது யாருடைய பணத்தை? கறிக்கடைக்காரர் உனக்காகக் குறைக்கப் போவதில்லை. கேஸ் சிலிண்டர் விலை குறையாது. டெலிவரி செயலி தன் பங்கை விடாது. மிச்சம் இருப்பது அந்த அக்காவின் கூலியும் உன் முதுகும்தான்.

நீ அனுப்பிய கணக்குத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அரிசி, கறி, எண்ணெய், மசாலா, கேஸ், டப்பா, டெலிவரி, அக்காக்கள் இருவருக்கும் கூலி என்று எல்லாம் இருக்கிறது. உனக்கு என்று ஒரு வரி இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பாத்திரம் கவிழ்க்கும்வரை நிற்கிறவளுக்குச் சம்பளம் எழுதாத தாளை எங்கள் சங்கத்தில் கொண்டுவந்திருந்தால் தணிக்கையாளர் திருப்பி அனுப்பியிருப்பார். முதலில் அந்த வரியை எழுது. வேறிடத்தில் வேலைக்குப் போனால் உனக்கு என்ன கொடுப்பார்களோ அதையே போடு, குறைத்துப் போடாதே. மீந்தால் எடுத்துக்கொள்வேன் என்று நீ சொல்வது லாபத்தைப் பற்றிய பேச்சு. சம்பளம் வேறு, லாபம் வேறு.

விருது வாங்கிய மேடையில் விஜய் குமார், ஏழைச் சாப்பாடு பணக்காரச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்கிற பொருளில் பேசினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கறுத்த பையன் இப்படிப்பட்ட இடத்துக்கு வருவான் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். பொறியியல் படிக்க வீட்டில் வசதியில்லாமல் திருச்சியில் சமையல் படித்தவர். கப்பலில் வேலை பார்த்து, கலிபோர்னியாவில் சமைத்து, பிறகு நியூயார்க் வந்தவர். இந்திய உணவகங்களுக்கு என்று மிச்செலின் வழிகாட்டி 2025 வரை வந்ததில்லை, ஆகவே நம் ஊர்ச் சமையலை அந்த நட்சத்திரங்களால் அளக்க வேண்டியதும் இல்லை. என் மனதில் நின்றது நட்சத்திரம் இல்லை. அவர் நத்தையை விற்கிறார், குடலை விற்கிறார், அதற்கு உரிய விலையைக் கூச்சமில்லாமல் பட்டியலில் போடுகிறார். வெள்ளைக்காரனுக்குப் பிடிக்க வேண்டும் என்று காரத்தைக் குறைக்கவில்லை, நத்தைப் பிரட்டல், குடல் வறுவல் என்ற பெயர்களையும் மாற்றவில்லை. நீயும் ஒரு போதும் உன் சமையலுக்காக மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசாதே. "கொஞ்சம் விலை அதிகம்தான், சாரி" என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 'சாரி'யை எடுத்துவிடு.

நியூயார்க் விலையை மதுரையில் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். கல்லூரிப் பிள்ளைகள் உன்னிடம் வாங்குகிறார்கள். அவர்களை விட்டுவிடக் கூடாது. அதற்கு ஒரு வழி தோன்றுகிறது. வார நாட்களில் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல் என்று கைவேலை குறைந்ததை வைத்துக்கொள்; அதன் விலையைத் தாராளமாகக் குறைவாக வை, கட்டும். குடல், தலைக்கறி, நாட்டுக்கோழி இவற்றை ஞாயிற்றுக்கிழமை மட்டும், வெள்ளி இரவுக்குள் சொல்கிறவர்களுக்கு மட்டும், முழு விலைக்குக் கொடு. எத்தனை பேருக்கு என்று முன்கூட்டியே தெரிந்தால் கறி வீணாகாது, அக்காக்களும் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர்வார்கள். சிலர் போய்விடுவார்கள். போகட்டும். உன் குடல் வறுவலில் வாடை இல்லை என்பதைத் தெரிந்தவர்கள் திரும்பி வருவார்கள். சிம்மக்கல்லில் கறி தோசைக்கு வரிசையில் நிற்கிற ஊர் இது, ருசிக்குக் காசு கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை.

அந்த அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லைதானே? சொல்லாதே. அவர் வேலையை நீ எடுத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் உன் இடுப்பு போய்விடும், பிறகு ஒருவருக்கும் வேலை இருக்காது. மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. டெலிவரி செயலியின் பங்கைத் தவிர்க்க, பக்கத்துத் தெருக்களுக்கு நேரில் கொடுத்தனுப்ப முடியுமா என்று அவரிடம் யோசனை கேள்.

புதிய கணக்குத் தாளை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. உன் சம்பள வரி முதலில் இருக்க வேண்டும். சித்தி இங்கே உனக்கு ஒரு நல்ல எடை பார்க்கும் தராசு வாங்கி வைத்திருக்கிறாள், கிராம் கணக்கில் காட்டுவது. வேறு ஏதாவது பாத்திரம் வேண்டுமென்றால் இப்போதே சொல். பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா