ரயிலை விட்டு இறங்கிய கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜாம்பி (கடித்துத் தொற்றும் நடைபிணங்கள்) படங்களைப் பற்றி உங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரை, ‘பெனின்சுலா’வை “பரபரப்புக்குக் குறைவில்லை” என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. பரபரப்பு இருக்கிறது, சரி. ஆனால் 2016-ல் அதன் முதல் பாகமான ‘டிரெய்ன் டு பூசான்’ என்ற கொரியப் படத்தைப் பார்த்துவிட்டு, அதே இயக்குநர் யோன் சாங் ஹோ அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று நாலு வருஷம் காத்துக்கிடந்த என் போன்றவர்களுக்கு அது போதவில்லை.

முதல் படத்தில் ரயில் பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜாம்பிகள் கும்பலாக முட்டி மோதிக்கொண்டிருக்கும். ஒரு கர்ப்பிணிப் பெண் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிச் செய்தித்தாளை ஒட்டுவாள், அவ்வளவுதான், அந்தப் பக்கம் அடங்கிப்போகும். ஆளைப் பார்த்தால் பாயும், கதவைத் திறக்கத் தெரியாது. இந்த இரண்டே விஷயத்தை வைத்துக்கொண்டு, சுரங்கப்பாதை வந்து இருட்டும்போதெல்லாம் பயணிகள் சாமான் தட்டில் ஊர்ந்து ஊர்ந்து அடுத்த பெட்டிக்குப் போவார்களே, அப்போது நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதில் ரயில் இல்லை. ஊரே திறந்து கிடக்கிறது. 2 கோடி டாலர் இருக்கும் லாரியை எடுத்துக்கொண்டு இஞ்சியோன் துறைமுகத்துக்கு வர வேண்டும், குறுக்கே 631 என்ற ராணுவக் கும்பல். அப்புறம் கார், துரத்தல், மறுபடி கார். ஜாம்பிகள் சக்கரத்தில் அடிபடுவதற்கென்றே வந்து விழுகிறார்கள். கணினியில் வரைந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதைக்கூட மன்னித்துவிடலாம், பயமே வரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தில் வரும் இரண்டு சிறுமிகள் மட்டும் விதிவிலக்கு. பெரியவள் கார் ஓட்டுவதும், சின்னவள் விளக்கு மின்னும் பொம்மைக் காரை விட்டுக் கூட்டத்தைத் திசைதிருப்புவதும் முதல் படத்தின் மூளையிலிருந்து வந்தவை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. படத்தின் தொடக்கத்தில், தப்பிப் போகும் கப்பலில், தொற்று வந்த மகனை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும் அக்காவை உள்ளே வைத்து, தம்பியான கதாநாயகனே கதவைச் சாத்துகிறான். வேறு வழியில்லை. பிறகு அந்த அக்காவின் கணவரும் இவனும் ஹாங்காங்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் வாழ்கிறார்கள். படம் இதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் லாரி வந்ததும் அந்த இரண்டு பேரின் துக்கமும் பின்சீட்டுக்குப் போய்விட்டது.

முதல் படத்தின் கடைசியில், சுரங்கப்பாதை இருட்டில் நடந்து வருவது மனிதரா இல்லையா என்று தெரியாமல் சிப்பாய் சுடத் தயாராக நிற்பான். அப்பாவுக்காகப் பழகி, அவர் வராததால் பள்ளியில் பாடி முடிக்காமல் விட்ட பாட்டை நாயகனின் மகளான அந்தக் குழந்தை அழுதுகொண்டே பாடும். துப்பாக்கி இறங்கும். இரண்டாம் பாகங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது உங்கள் விமர்சகர் அந்தச் சுரங்கப்பாதையையும் இந்தக் கப்பல் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்