70 டிகிரி என்று மட்டும் எழுதினால் போதுமா? தர விதிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

நீங்கள் திருப்பி அனுப்பிய பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பாகங்கள் எங்கள் பட்டறை வாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. அறிக்கையில் காரணம் ஒரே வரிதான்: கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைப்பாக இருக்கும் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் சூடு) 70க்குப் பதில் 80 டிகிரி, ஆகவே கலப்படம். சரக்கு நின்றதைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த வரி மற்ற வாடிக்கையாளர்களின் காதுக்கும் எட்டிவிட்டது. இப்போது மூட்டைக்கு மூட்டை சான்றிதழ் கேட்கிறார்கள்.

சூடு தாங்க வேண்டும், படிகமாக்கி, அதாவது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி அமையும்படி செய்து தாருங்கள் என்று கேட்டதே நீங்கள்தான். அதற்காகத்தான் மோல்டை 140 டிகிரியில் வைத்து வார்த்தோம். ஆனால் விதியில் இருக்கும் 70, படிகமே இல்லாத பெட்டுக்கு உரியது.

பெட் முழுவதும் படிகமாகாது. ஒரு படிகத்திலிருந்து வெளியே வரும் சங்கிலி, இடையில் ஒழுங்கில்லாமல் கிடந்துவிட்டு அடுத்த படிகத்துக்குள் நுழைகிறது. இரண்டு முனையிலும் முளையடித்த கயிறு மாதிரி. அந்த இடைப்பகுதி அசைய கூடுதல் சூடு வேண்டும். அதனால் எண் மேலே போகிறது. படிக விழுக்காட்டை மட்டும் எழுதினாலும் தீராது. குறைந்த சூட்டில் படிகமாக்கினால் சின்னச் சின்னப் படிகங்கள் நெருக்கமாக அமையும், பிடி இறுகும். அதிகச் சூட்டில் படிகங்கள் தடித்து, இடைவெளி அகன்று, எண் மறுபடி இறங்கவும் செய்யும்.

எனவே கேட்பது இதுதான்: எண்ணோடு பொருளின் நிலையையும் எழுதுங்கள். எவ்வளவு படிகம், எந்தச் சூட்டில் ஆக்கியது, எந்த வேகத்தில் சூடேற்றி அளந்தது.

அட்டைப்பெட்டி லேபிளின் எழுத்து அளவுக்கு விதி வைத்திருக்கிறீர்கள். கையெழுத்து நீல மையில்தான் இருக்க வேண்டுமாம். அதையும் மதித்துத்தான் நடக்கிறோம். இந்த மூன்று விவரங்களுக்கு மட்டும் தாளில் இடமில்லையா?

சரி, கோபத்தை விடுகிறேன். எங்கள் பாகத்தில் ஒரு துண்டை உங்கள் டிஎஸ்சி கருவியில் (சூடேற்றும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) 280 டிகிரி வரை உருக்கி, படிகம் உண்டாக விடாமல் சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளந்து பாருங்கள். எண் 70 பக்கம் திரும்பினால், ஏறியதற்குக் காரணம் படிகம்தான். அப்போது கலப்படம் என்ற குறிப்பை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். விதியிலும் நிலையைச் சேருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பாகம் வார்த்துத் தரும் ஒரு சிறு பட்டறைக்காரன்