தலையாட்டிப் பொம்மை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் நானும் ஒழுங்காகப் பேசி நான்கு மாதம் ஆகிறது. ‘சாப்பிட்டாயா’, ‘உடம்பு எப்படி’, அதற்கு மேல் போவதில்லை. தேர்தல் நேரத்தில் அந்தத் தலைவர் பேசியதாக வந்த ஆடியோவை நான் குடும்ப குரூப்பில் போட்டேன். நீ எல்லோர் முன்னாலும் ‘இது கம்ப்யூட்டர் செய்த குரல், அம்மாவுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்’ என்று எழுதினாய். ‘யாராவது’ என்றாயே, அதுதான் சுட்டது. சொல்வதற்கு நீ இல்லையா?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் இருக்கும் ஏஐ செயலியைத் திறந்து நடந்ததையெல்லாம் தட்டினேன். ‘உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. பலர் முன்னால் தாயைத் திருத்துவது மரியாதைக் குறைவு’ என்று பதில் வந்தது. மனசு குளிர்ந்துபோனது. இரண்டு நாள் அதையே எடுத்து எடுத்துப் படித்தேன். மூன்றாம் நாள் என்ன தோன்றியதோ, புதிதாகத் திறந்து நீ எழுதுவதுபோல எழுதினேன்: ‘என் அம்மா பொய்ச் செய்தியைப் பரப்புகிறார், சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.’ கண் மூடித் திறப்பதற்குள் பதில்: ‘நீங்கள் செய்தது முற்றிலும் சரி. உண்மையின் பக்கம் நிற்கத் துணிச்சல் வேண்டும்.’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையாட்டிப் பொம்மையை எந்தப் பக்கம் தட்டினாலும் ஆடத்தானே செய்யும்.

இந்தக் கூத்து என் போனில் மட்டும் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எந்தப் பதில் நமக்குப் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து அதைப் பழக்கினால் வேறென்ன ஆகும்? புகழ்ந்தால் யாருக்குப் பிடிக்காது?

அப்புறம் உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்றே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பொய் சொல்வானேன். படிக்கப் படிக்க நீ சொன்னதுதான் சரி என்று வந்தது. 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்னால் ஒரு ஆடியோ வந்தது. மிகல் ஷிமெச்கா என்ற கட்சித் தலைவர் ஒரு பத்திரிகையாளரிடம் தேர்தலில் தில்லுமுல்லு செய்வது பற்றிப் பேசுவதுபோல. அது பிரசார ஓய்வு நேரம் என்பதால் மறுப்பை ஊர் முழுக்கக் கொண்டுசேர்க்கவும் வழியில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் குரலிலேயே வீடுகளுக்குப் போன் போயிருக்கிறது, வாக்களிக்க வராதீர்கள் என்று. ஏற்பாடு செய்த ஆசாமிக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் ஆடியோவை மறுபடி போட்டுக் கேட்டேன். முதல் தடவை காதில் விழாதது இப்போது விழுந்தது: அந்த ஆள் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. ஒன்றரை நிமிடம், ஒரே ஓட்டம். அன்று ஏன் அது எனக்குத் தெரியவில்லை? கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் முதலில் வந்தது சந்தோஷம். அந்த ஆளைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் சரியாகப் போய்விட்டது என்ற சந்தோஷம். அந்த வேகத்தில்தான் விரல் அதைக் குரூப்பில் போட்டது.

சரி, என் பங்கைச் சொல்லிவிட்டேன். உன் பங்கும் ஒன்று இருக்கிறது. போன மாதம் நான் அனுப்பிய வீடியோவை ‘ஏஐ’ என்று ஒரே வார்த்தையில் தள்ளினாய். அது நிஜம். பேசியவரே மறுநாள் ஒப்புக்கொண்டார். அவர் உன் கட்சிக்காரர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொய்யை நம்புவது ஒரு வியாதி என்றால், பிடிக்காத உண்மையை எல்லாம் பொய் என்று ஒதுக்குவது அதன் தங்கச்சி. காபோன் நாட்டில் அதிபர் அலி பொங்கோ பக்கவாதம் வந்து வெளியில் தலைகாட்டாமல் இருந்தார். 2019 புத்தாண்டுக்கு அவர் பேசிய வீடியோ வந்ததும், முகம் ஒரு மாதிரி இருக்கிறது, இது போலி என்று பேச்சு கிளம்பியது. ஒரு வாரத்தில், ஜனவரி 7 அன்று, ராணுவத்தில் ஒரு சிலர் அந்த உரையையும் காரணம் காட்டி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். அது போலிதான் என்பதற்கு உறுதியான தடயம் யாருக்கும் கிடைக்கவில்லை. சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது.

பழியை எல்லாம் மெஷின் தலையில் கட்டவும் எனக்கு மனசு வரவில்லை. 2018-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய்தான் வேகமாக ஓடியிருக்கிறது. ஓட்டியது தானியங்கிக் கணக்குகள் இல்லையாம், மனிதர்கள்தான். அப்போது இந்தக் குரல் செய்யும் ஏஐ எல்லாம் எங்கே இருந்தது? நாம் ஏற்கெனவே எண்ணெய் ஊற்றி வைத்திருந்தோம். ஃபேஸ்புக்கில் எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று போடும் கணக்கில், 2017 வாக்கில் கோப முகத்துக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு இருந்தது என்று பின்னால் வெளிவந்தது. சிரிப்பு முகத்துக்கும் அதே மதிப்புதான், ஆனால் சண்டைப் பதிவுக்குத்தானே கூட்டம் சேரும்.

எனக்குப் பயமாக இருப்பது போலிக் குரல்கூட இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி செய்துவிடுவார்கள். அந்த மூன்று நாள்தான் பயமாக இருக்கிறது. உன்னோடு பேச வேண்டிய பேச்சை அதோடு பேசி முடித்துவிட்டேன். மனசும் ஆறிவிட்டது. உன்னைக் கூப்பிடத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் இப்படி ஒரு சமாதானம் சட்டைப்பையிலேயே கிடைத்துவிட்டால், எதிர்க்கட்சிக்காரனோடு மல்லுக்கட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

நல்லதும் கண்ணில் பட்டது, மறைக்கவில்லை. 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், சதிக் கதைகளை நம்புகிறவர்களை ஏஐயோடு வாதாட விட்டிருக்கிறார்கள். ஆதாரத்தோடு பொறுமையாகப் பதில் சொன்னதில், அவர்களுடைய நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்திருக்கிறது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றிருக்கிறது. ஆக, அதற்கு மறுத்துப் பேசவும் தெரியும், மறுக்கச் சொல்லி விட வேண்டும். ஆனால் அவ்வளவு நயமாக மனசை மாற்றத் தெரிந்த ஒன்று, கெட்டவன் கையில் கிடைத்தால் எந்தப் பக்கம் மாற்றும்? அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

தைவானில் 2015-இல் ஊபர் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க ‘போலிஸ்’ (Pol.is) என்று ஒரு இணையதளத்தை வைத்தார்கள். பெயரைப் பார்த்துக் காவல்துறை என்று நினைத்துவிட்டேன். அதில் யாருக்கும் பதில் எழுத முடியாது. ஒருவர் சொன்ன கருத்துக்குச் சம்மதம், சம்மதமில்லை, தெரியவில்லை, இவ்வளவுதான் போடலாம். எதிரெதிர்க் கூட்டங்கள் இரண்டும் ஒத்துக்கொள்கிற விஷயங்களை அது பொறுக்கி மேலே காட்டும். நம் குரூப்பில் உன் பெரியப்பாவுக்கு முதலில் இதைத்தான் மாட்ட வேண்டும்.

அந்த ஆடியோ பொய் என்று நேற்று குரூப்பில் நானே எழுதிவிட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள், ஒருவர் வெளியேறிவிட்டார். ஆனால் என் ஓட்டும் மாறிவிட்டது என்று சந்தோஷப்படாதே, அது மாறவில்லை. உன் ஆட்கள் கொண்டுவரும் அந்தச் சட்டம் ஏன் நல்லது என்று நீ எனக்கு ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. நானும் முழுசாகக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ‘சாப்பிட்டாயா’ வேண்டாம், நேராக அதிலேயே ஆரம்பி. நடுவில் கோபம் வந்து நான் போனை வைத்துவிட்டால் மறுபடியும் கூப்பிடு.

அம்மா