கோடநாடு ரோட்டில் குருவி பார்க்க

அன்புள்ள கயலுக்கு,

பொங்கல் லீவில் இங்கே, நீலகிரியில் கோத்தகிரி பக்கம் இருக்கும் கோடநாடு ரோட்டில், பறவை பார்க்கணும் என்று எழுதியிருந்தாய். அஞ்சு மணிக்கு அலாரம் வைக்காதே கண்ணு, அதெல்லாம் சமவெளிக்குத்தான். ஜனவரியில் சூரியன் எழவே ஆறே முக்கால் ஆகிவிடும். இரவுக் குளிர் முழுக்கப் பள்ளத்தில் இறங்கித் தங்குவதால் உறைபனியும் அங்கேதான். வெயில் படும்வரை பூச்சி அசையாது. பூச்சி பிடிக்கும் குருவியும் வராது. ஏழரைக்குக் கிளம்பினால் போதும். கிழக்கே பார்த்த சரிவில், சோலைக்காடும் தேயிலைத் தோட்டமும் ஒட்டுகிற வளைவு ஒன்றைப் பிடித்து முக்கால் மணி நேரம் அங்கேயே நில். பறவைக் கூட்டம் தானாக வரும். ரோடு முழுக்க ஓட்டிப் பார்ப்பவர்களுக்குப் பெட்ரோல்தான் செலவு.

கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலைக்காடு 116 ஹெக்டேர், 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ரோட்டோரமே உனக்குப் போதும்.

வண்டியை வளைவிலேயே நிறுத்தாதே, தாண்டி அகலமான இடத்தில் நிறுத்து. இடது ஓரம் புல்லாகத் தெரியும், அடியில் கால்வாய் இருக்கும். சக்கரம் இறங்கினால் டிராக்டர்தான் வரணும். இறக்கத்தில் ரிவர்ஸ் கியர், ஏற்றத்தில் முதல் கியர், கூடவே ஹேண்ட்பிரேக், டயருக்கு ஒரு கல். இன்ஜினை அணைத்துவிடு, அது ஓடினால் பைனாகுலர் நடுங்கும்.

உன் 10 மடங்கு பைனாகுலரை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் 8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ் உள்ள பைனாகுலரை எடு. கை நடுக்கம் குறைவாகத் தெரியும், கண்ணில் படும் பரப்பு அதிகம், சோலை நிழலில் வெளிச்சமும் கூடுதல். குளிர்ந்த பைனாகுலரைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு அப்புறம் திற. வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் கட்டாயம், இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும்.

காஷ்மீர் ஈப்பிடிப்பானைத்தான் தேடு. இமயமலையில் முட்டையிட்டுக் குளிருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வருவது. ஆணுக்கு முதுகு சாம்பல், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு, அந்த ஆரஞ்சுக்கு இரு பக்கமும் கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்க்காமல் பேர் எழுதாதே. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும். அடிவாலின் இரு பக்கமும் வெள்ளை மின்னும். பெண் மங்கலான பழுப்பு, இதன் உறவுக்காரப் பறவைகளோடு குழப்பும், விட்டுவிடு.

உண்ணிச்செடிக்குள்ளிருந்து "சக், சக்" என்று கேட்டால் பிளித் நாணல் கதிர்க்குருவி. உருவம் காட்டாது, துரத்தாதே. பாலத்தடியில் ஓடும் தண்ணீரோரம் அடிவயிறு மஞ்சளாக, நீண்ட வாலை ஓயாமல் ஆட்டுவது சாம்பல் வாலாட்டி. சாம்பல் சிட்டும் வெள்ளைக்கண்ணியும் சேர்ந்து சில்வர் ஓக் மரத்தில் போனால் அசையாமல் நில். பின்னாலேயே வேறு நாலைந்து வகை வரும். நீலகிரி சிரிப்பான் கத்தினால் தேடவே வேண்டாம், அதுவே புதரிலிருந்து எட்டிப்பார்க்கும். மொபைலில் குரல் போட்டுக் கூப்பிடுவது மட்டும் வேண்டாம், குளிரில் அதன் தெம்பை வீணடிக்கும்.

ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையெல்லாம் எண்ணிக்கையோடு இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்டால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஆகும்.

தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் இறங்காதே, ஹாரனும் அடிக்காதே, அது போகட்டும். வெளியூர் நம்பர் வண்டி என்பதால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்பு. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் வாங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
அப்பா