முதியோருக்கும் மாணவருக்கும் ஒரே வளாகத்தில் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் முதியோருக்கான வீடுகளையும் மாணவருக்கான விடுதிகளையும் தனித்தனியாக யோசிக்காமல், ஒரே வளாகத்தில் அமையுமாறு மாநகராட்சியும் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் திட்டமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, வயதான தம்பதியரோ அவர்களில் எஞ்சிய ஒருவரோ மட்டும் வாழும் வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ளன. முழங்கால் வலியால் படியேற முடியாத அவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுவிட, மாடி பூட்டியே கிடக்கிறது. அதே தெருக்களில் அறை தேடி வரும் மாணவர்களுக்குக் கிடைக்கும் பதில், 'பேச்சிலர்களுக்கு விடுவதில்லை' என்பதுதான். கிடைக்கும் அறையும் பல வேளைகளில் மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில் அங்கே உட்கார்ந்து எப்படித் தேர்வுக்குப் படிப்பது? ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கமிருந்து அரசுக் கல்லூரிக்கு வரும் ஏழை மாணவர்கள் அந்த வாடகைக்கும் வழியின்றிப் பேருந்தை நம்பியே படிக்கிறார்கள்.

இந்தத் தட்டுப்பாட்டுக்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கும் தங்க இடம் வேண்டும். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தோட்டப்பாளையம், காந்தி ரோடு பகுதிகளில் நாள் வாடகைக்கு விடுவது லாபமாக இருக்கும்போது, மாத வாடகைக்கு மாணவரை வைக்க உரிமையாளர் ஏன் முன்வருவார்? சந்தையின் போக்கில் விட்டால் இது சரியாகாது என்பதாலேயே அரசு அமைப்புகளிடம் கேட்கிறேன்.

புதிதாகக் கட்டும், அல்லது இடித்துக் கட்டும் வாரியக் குடியிருப்புகளில் தரைத்தள வீடுகளை முதியோருக்கும் மேல்தள அறைகளை மாணவருக்கும் ஒதுக்கலாம். வாசலில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம், குளியலறையில் வழுக்காத தரையும் கைப்பிடியும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்த்தால் செலவு அதிகமாகாது; கட்டி முடித்த பின் சுவரை உடைப்பதுதான் செலவு. எல்லாவற்றையும்விட, இரு தரப்பினருக்கும் பொதுவான சமையற்கூடம் ஒன்று வேண்டும். தனக்கு ஒருத்திக்காக உலை வைக்க மனமில்லாமல் காலையில் வாங்கிய இட்லியை இரவுக்கும் வைத்துக்கொள்ளும் மூதாட்டிக்கும், கடைச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் மாணவனுக்கும் சூடான ஒருவேளைச் சோறு அங்கே கிடைக்கும்.

நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிட்டாஸ் என்னும் முதியோர் இல்லத்தில், மாதம் 30 மணி நேரம் முதியோருடன் செலவிடும் மாணவர்கள் வாடகையின்றித் தங்குகிறார்கள். இங்கே அதை அப்படியே நடத்த வேண்டியதில்லை. வாடகைச் சலுகை போதும். ஆனால் மருந்து வாங்கித் தருவது, கைபேசியில் மின் கட்டணம் செலுத்தித் தருவது போன்றவற்றுக்கு மேல் நோயாளிப் பராமரிப்பை மாணவர் தலையில் சுமத்தக் கூடாது. அது பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. மாணவிகளுக்குத் தனித் தளமும் பெண் காப்பாளரும் அவசியம்.

சொந்த வீட்டு மாடியை வாடகைக்கு விடத் தயங்கும் முதியோரின் அச்சம், குடிவந்தவர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்பதே. 2019 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. ஒரு கல்வியாண்டுக்கான மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்து, பதிவுக்கும் உதவ மாநகராட்சி மண்டல அலுவலகங்களில் ஒரு மேசை ஒதுக்கினாலே பூட்டிய மாடிகள் பல திறக்கும். கட்டடம் எழும்பக் காத்திராமல் இதை உடனே செய்யலாம். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுக்குமாறு மேயரையும் ஆணையரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.